முன்னே போகும் குரல்

1976 ஜூலை 25 அன்று ஜப்பானில் ‘ஜப்பானீஸ் கேர்ள்’ என்ற எல்.பி. இசைத்தட்டு வெளிவந்தது. பாடியவர் அகிகோ யானோ. அப்போது அவருக்கு வயது 21. பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர், மெட்டமைத்தவர், பியானோ வாசித்தவர் எல்லாம் அவரே. அதுதான் அவருடைய முதல் ஆல்பம். தட்டின் ஒரு பக்கம் அமெரிக்கப் பக்கம், மறுபக்கம் ஜப்பானியப் பக்கம். பக்கத்துக்கு ஐந்து பாடல்கள். அமெரிக்கப் பக்கத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் லிட்டில் ஃபீட் என்ற ராக் குழுவோடு பதிவு செய்தார். ஜப்பானியப் பக்கத்தில் ஹருவோமி ஹொசோனோ, தத்சுவோ ஹயாஷி போன்ற டோக்கியோ இசைக்கலைஞர்கள் வாசித்தார்கள்.

இப்படிப் பக்கம் பிரித்த தட்டை எடுப்பவர் என்ன எதிர்பார்ப்பார்? ஒரு பக்கம் கிட்டார், டிரம்ஸ், ஆட்டம். திருப்பிப் போட்டால் ஊர்ப்பாட்டு, பண்டிகை மேளம். தட்டில் இருப்பது வேறு. வட ஜப்பானின் பழைய நாட்டுப்பாடல் ஒன்றை அவர் அமெரிக்கர்களின் கையில் கொடுத்திருக்கிறார். தன் ஊர்த் திருவிழாவின் தாளத்தில் அமைந்த பாடலின் இரண்டாம் பாகத்தையும் அவர்களிடமே கொடுத்திருக்கிறார். டோக்கியோக்காரர்களின் பக்கத்தில் மென்மையான பியானோப் பாடல்கள், விளையாட்டுப் பாடல்கள், ஒரு பழைய ஹிட் பாட்டு. எது யாருடைய இசை என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோட்டை இந்தத் தட்டு முதல் பக்கத்திலேயே தாண்டிவிடுகிறது.

நான் மெல்லிசை மேடைகளில் கீபோர்டு வாசிப்பவன். பாடுகிறவருக்குப் பின்னால் நின்றே பழகிய காது என்னுடையது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் கவனிப்பது பின்னால் வாசிப்பவர்களைத்தான். அவர்கள் எங்கே காத்திருக்கிறார்கள், எங்கே முந்துகிறார்கள், பாடகி மூச்சு இழுக்கும்போது டிரம்மர் என்ன செய்கிறார் என்றுதான் பார்ப்பேன். ‘ஜப்பானீஸ் கேர்ள்’ என்னைப் பிடித்துக்கொண்டதும் அந்த வழியில்தான். அமெரிக்காவின் மிகச் சிறந்த பின்னணிக் கைகள் சில இந்தத் தட்டில் வாசிக்கின்றன. அந்தக் கைகள் ஓர் இளம்பெண்ணின் குரலை விடாமல் கவனித்துக்கொண்டே இருப்பது ஒவ்வொரு பாடலிலும் கேட்கிறது.

அந்தக் காலத்து ஜப்பானை அறிந்தால்தான் இதன் அருமை புரியும். 1970களின் தொடக்கத்தில் அந்த நாட்டு இசைப் பத்திரிகைகளில் சூடான ஒரு விவாதம் நடந்தது. ஜப்பானிய மொழியில் ராக் பாட முடியுமா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்றார் ராக் பாடகர் யூயா உச்சிதா. ஹாப்பி எண்ட் என்ற குழு ஜப்பானிய மொழியிலேயே பாடி, 1971இல் ‘காசெமாச்சி ரோமான்’ என்ற ஆல்பத்தையே பதிலாக வைத்தது. விவாதத்துக்கு அடியில் உண்மையான ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை அழுந்தும், மற்றவை ஓடிவிடும். ராக் தாளம் அந்த அழுத்தங்களின் மேல்தான் உட்காருகிறது. ஜப்பானிய மொழியில் ஒலிக்கூறுகள் ஏறத்தாழ ஒரே நீளம் கொண்டவை. ஒவ்வொன்றையும் ஒரு சுரத்தின் மேல் வைத்துப் பாடினால் பாட்டு விறைத்துக்கொள்ளும்.

ஹாப்பி எண்ட் குழுவினர் 1972இன் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் தங்கள் மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதில் வாசித்த உள்ளூர்க் கலைஞர்களில் லிட்டில் ஃபீட்டின் லோவெல் ஜார்ஜும் பில் பெய்னும் உண்டு. ஹாப்பி எண்டின் கிட்டாரிஸ்ட் ஷிகெரு சுசுகி மறுபடியும் அங்கே போய், லிட்டில் ஃபீட்காரர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு 1975இல் ‘பேண்ட் வேகன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அருமையான ஆல்பம். இந்தப் பயணங்களில் ஒரு கற்றல் இருந்தது. அந்த டிரம்ஸ் சத்தம், அந்த பாஸ் நடை எப்படிப் பிறக்கின்றன என்பதை அந்த மண்ணிலேயே நின்று தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. நல்ல மாணவர்கள் அவர்கள்.

அகிகோ யானோவும் அதே வழியில்தான் போனார். ஆனால் போகும்போது ஆவோமோரியைக் கூடவே கொண்டு போனார்.

ஆவோமோரி ஜப்பானின் முக்கியத் தீவான ஹோன்ஷுவின் வடகோடி. குளிர்காலத்தில் பனி ஆளுயரத்துக்கு மேல் குவியும் ஊர். டோக்கியோவில் பிறந்த அகிகோ சிறு வயதிலேயே அங்கே போய் வளர்ந்தார். மூன்று வயதில் பியானோ தொடங்கியது. அதே வீட்டுக்கு வெளியே, ஒவ்வோர் ஆகஸ்டிலும், நெபுதா திருவிழா. போர்வீரர்கள், அரக்கர்கள், தெய்வங்கள் என்று கம்பிச் சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி, வண்ணம் தீட்டி, உள்ளே விளக்கேற்றிய பிரமாண்ட உருவங்கள் தெருவில் வரும். ஒரு பெரிய நெபுதாவின் அகலம் 9 மீட்டர், உயரம் 5 மீட்டர் வரை இருக்கும். அதைச் சுற்றிப் பெருமேளங்கள், மூங்கில் குழல்கள், கைத்தாளங்கள். ‘ஹனேதோ’ என்ற ஆட்டக்காரர்கள் ஒரு காலில் இரண்டு துள்ளல், மறுகாலில் இரண்டு துள்ளல் என்று உடையில் கட்டிய சிறு மணிகள் குலுங்க ஆடி வருவார்கள். துள்ளித் துள்ளி முன்னேறும் இந்தத் தாளத்துக்குள்தான் அந்தச் சிறுமி வளர்ந்தார். கையில் மேற்கத்திய பியானோ, காதில் நெபுதா. இரண்டும் வேறு வேறு உலகங்கள் என்று அவருக்கு யாரும் அப்போது சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளிக்காக டோக்கியோ வந்தபோது ஜாஸ் பிடித்துக்கொண்டது. படிப்பை முடிக்காமலே முழுநேர இசைக்கு வந்துவிட்டார்.

லிட்டில் ஃபீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாக் குழுதான், ஆனால் அவர்களுடைய தாளத்தின் தாய்வீடு நியூ ஆர்லியன்ஸ். 1973இல் வந்த ‘டிக்ஸி சிக்கன்’ ஆல்பத்திலிருந்து அது தெளிவாகக் கேட்கும். கென்னி கிராட்னியின் பாஸ், சாம் கிளேட்டனின் காங்கா, ரிச்சி ஹேவர்டின் டிரம்ஸ் மூன்றும் சேரும்போது அடி நேராக விழாது. கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் தாமதித்து, அடுத்த அடியை இழுத்துக்கொண்டு விழும். நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலங்களில் பித்தளை வாத்தியங்களுக்குப் பின்னால் ஜனங்கள் ஆடிக்கொண்டு நடக்கிறார்களே, அந்த நடையிலிருந்து வந்த தாளம் அது.

ஆல்பத்தின் ரகசியம் இந்த இடத்தில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். நெபுதாவும் தெருவில் நடந்துகொண்டே பிறந்த தாளம்தான். நடக்கிற உடம்பின் தாளம் ஒருநாளும் கடிகாரம் மாதிரி விழாது. கால் தரையைத் தொடும் கணத்தைவிடக் கால் தூக்கும் கணம்தான் அதில் முக்கியம். நெபுதா தாளத்தில் அமைந்த ‘ஃபுனமாச்சி உதா’ பாட்டின் இரண்டாம் பாகத்தைக் கேளுங்கள். ஆவோமோரியின் துள்ளலை கலிஃபோர்னியாக்காரர்கள் வாசிக்கிறார்கள். ராக் தாளத்தின் மேல் ஜப்பானிய மேளம் ஒன்றை ஒட்டவைத்த சத்தம் எங்கும் இல்லை. ஒரு தெரு இன்னொரு தெருவை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருக்கிறது. இதைத் திட்டம் போட்டுச் செய்தாரோ, உள்ளுணர்வில் செய்தாரோ, கேட்கிற நமக்குப் பலன் ஒன்றுதான்.

அதே பக்கத்தின் ‘சுகாரு டூர்’ பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆவோமோரியின் மேற்குப் பகுதி சுகாரு. சுகாரு ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் ஆவேசமான வாசிப்பால் உலகுக்குத் தெரிந்த பகுதி. அங்கே ‘ஹோஹாய் புஷி’ என்றொரு நாட்டுப்பாடல் உண்டு. அதன் தனித்தன்மை, பாடுகிறவர் மார்புக் குரலில் இருந்து சட்டென்று உடைந்து பொய்க்குரலுக்குத் தாவுவதும் திரும்புவதும்தான். ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் கூவல் பாட்டைக் கேட்டவர்களுக்கு இந்தத் தாவல் ஓரளவு பிடிபடும். ஜப்பானிய நாட்டுப்பாடல்களில் இது அபூர்வம். அந்தப் பாட்டைத்தான் அகிகோ இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார். லிட்டில் ஃபீட் கீழே தன் ஃபங்க் நடையில் போய்க்கொண்டிருக்க, மேலே இந்தக் குரல் உடைந்து உடைந்து பறக்கிறது.

பக்கவாத்தியம் வாசிப்பவன் இதைக் கேட்டால் உடனே நிமிர்ந்து உட்காருவான். காரணம், குரல் தாவும் இடம் தாள அடியின் மேல் இல்லை. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே இருக்கிறது. எங்கள் மேடையில் பாடகர் இப்படி ‘எடுப்பை’, அதாவது பாட்டைத் தொடங்கும் இடத்தை, இஷ்டத்துக்கு நகர்த்தினால் இரண்டு வழிதான் உண்டு. தாளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவரே வந்து சேரட்டும் என்று விடலாம். அல்லது அவர் மூச்சைப் படித்துக்கொண்டே தாளத்தைச் சற்று இளக்கிக் கொடுக்கலாம். ரிச்சி ஹேவர்ட் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்கிறார். வலது கை கெட்டியாக நிற்கிறது, இடது கை பாடகியோடு போகிறது. இதை நான் பலமுறை வாசித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜப்பானிய நாட்டுப்பாடல்களின் தாளத்தைப் பற்றி ஃபுமியோ கொய்சுமி என்ற இசை ஆய்வாளர் ஒரு பாகுபாடு செய்திருக்கிறார். கை தட்டக்கூடிய சீரான தாளம் உள்ளவை ஒரு வகை. தாளம் கட்டாமல் மூச்சின் நீளத்துக்கு விரிந்து போகிறவை இன்னொரு வகை. (இந்தக் கொய்சுமி 1950களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து மதராஸிலும் லக்னோவிலும் நம் இசையைப் படித்துவிட்டுப் போனவர். ஆலாபனையும் கீர்த்தனையும் கேட்ட காதுக்கு அந்தப் பாகுபாடு எளிதாகவே தோன்றியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.) அகிகோ செய்தது, இரண்டு வகையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது. கீழே கை தட்டலாம்; மேலே மூச்சின் நீளம். ஜப்பானிய மொழியில் ராக் விறைத்துப் போகும் என்ற கவலைக்கும் இதில் விடை கிடைத்துவிட்டது. அவர் அசைகளைச் சம நீளத்தில் அடுக்கவில்லை. ஒன்றை விழுங்குவார், இன்னொன்றை மூன்று சுரங்களுக்கு இழுப்பார், நடுவில் நாட்டுப்பாடகிகள் போடும் குழைவு ஒன்று வரும். அந்தக் குழைவை அவர்கள் ‘கொபுஷி’ என்கிறார்கள். நம் பிருகாவைவிடச் சிறியது. ஒரு சுரத்தின் விளிம்பில் ஒரு நெளிவு, அவ்வளவுதான்.

இந்தப் பதிவைப் பற்றி ஜப்பானிய இசை வட்டாரங்களில் நெடுநாளாக ஒரு கதை சொல்லப்படுகிறது. லோவெல் ஜார்ஜ் பதிவின் முடிவில், இந்தப் பெண்ணின் இசைக்குத் தங்களால் போதுமான அளவு ஈடு கொடுக்க முடியவில்லை என்று மனம் வருந்தி, சம்பளமே வேண்டாம் என்றாராம். கதையாகவே வைத்துக்கொள்வோம். தட்டில் கேட்பது வேறு: அவர்கள் நன்றாகவே ஈடு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை ஏன் நிலைத்தது என்பது எனக்குப் புரிகிறது. கற்றுக்கொள்ள வந்தவர் முன்னால் நடக்க, கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் பின்னால் ஓடி வந்த ஒரு பதிவு அது. அதற்கு முன் அந்தத் திசையில் அப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. லோவெல் ஜார்ஜ் மூன்றே வருடங்களில், 1979 ஜூனில், 34 வயதில் இறந்துபோனார். அவருடைய கிட்டார் இத்தனை கவனத்தோடு இன்னொருவரின் பாட்டுக்குள் ஒதுங்கி நிற்பதை இந்தப் பக்கத்தில் கேட்கலாம்.

அதே பக்கத்தின் ‘தென்வாசென்’, அதாவது தொலைபேசிக் கம்பி, நாட்டுப்பாடல் எதையும் சாராத பாட்டு. தூரத்தில் இருக்கும் ஒருவரிடம் கம்பி வழியாகப் போய்ச் சேர நினைக்கும் ஒரு மனசின் பாட்டு. அவருடைய பாடல்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மெட்டு எளிதாகக் காதில் ஏறும். அதன் அடியில் இருக்கும் கார்டுகளோ சற்றும் எளிதானவை அல்ல. ஜாஸ் பியானோ வாசித்துப் பழகிய கை, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நாம் இறங்குவோம் என்று நினைக்கும் கார்டில் இறங்காமல் பக்கத்துப் படியில் கால் வைக்கிறது. சாதாரணமாக இந்த மாதிரி கார்டு மாற்றங்கள் வந்தால் பாடுகிறவர் ஜாக்கிரதையாகிவிடுவார். அகிகோவுக்கு அந்த ஜாக்கிரதை கிடையாது. பியானோவும் குரலும் ஒரே ஆளிடம் இருப்பதால், எங்கே இறங்கப்போகிறோம் என்று குரலுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் அது கவலையில்லாமல் தாவுகிறது. பிற்காலக் கச்சேரிகளிலும் இதை வேறு வேறு வேகங்களில் பாடியிருக்கிறார்.

முதல் பாடலான பலூன் பயணப் பாட்டு ஒரு குழந்தையின் உற்சாகத்தோடு தொடங்கி, கேட்பவரை ஆல்பத்துக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறது. ‘குமா’ என்ற கரடிப் பாட்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. குழுவின் நடை நன்றாக இருக்கிறது, மெட்டு மற்ற நான்குக்கும் சமமாக நிற்கவில்லை.

தட்டைத் திருப்பினால் காற்று மாறுகிறது. ‘ஓயினாரு ஷீ நோ கி’ ஒரு பெரிய மரத்தைப் பற்றிய பாட்டு. இங்கே யாரும் துள்ளவில்லை. குரலுக்குள் ஒரு முதிர்ச்சி. ஐந்து நிமிடம் முன்னால் ‘சுகாரு டூர்’ பாட்டில் உடைந்து பறந்தவர்தானா என்று கேட்கத் தோன்றும். ‘ஃபூதா’ கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகனின் பெயரைத் தாங்கிய பாட்டு. ஒரு இளம் தாய் தன் முதல் ஆல்பத்தில், வணிக இசை உலகம் பெண்களிடம் சிறுமிக் குறும்பை மட்டும் எதிர்பார்த்த காலத்தில், தன் பிள்ளையை நேரே பாட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது சின்ன விஷயம் அல்ல. இந்த ஆல்பம் வந்து சரியாக ஒரு மாதத்தில், 1976 ஆகஸ்ட் 25 அன்று, பிங்க் லேடி என்ற இரட்டையரின் முதல் பாட்டு வெளிவந்தது. அளவெடுத்த நடன அசைவுகள், பளபளக்கும் உடைகள், நாடெங்கும் பிள்ளைகள் அவர்களைப் போலவே ஆடினார்கள். அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; நல்ல பாப் இசை அது. அந்தக் கோடையில் ஜப்பானியப் பெண் குரலுக்குத் திறந்திருந்த பெரிய வாசல் அதுதான். அகிகோ அந்தப் பக்கமே போகவில்லை.

ஜப்பானியப் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது ‘ஒக்கா வோ கொயெதே’ பாட்டில். இது அவருடைய பாட்டு அல்ல. 1931இல் மசாவோ கோகா மெட்டமைத்து இச்சிரோ ஃபுஜியாமா பாடிய புகழ்பெற்ற பாட்டு; குன்றைத் தாண்டிப் போகும் இளமையின் பாட்டு. கோகா மெய்ஜி பல்கலைக்கழக மாண்டலின் குழுவில் வளர்ந்தவர். மெட்டிலும் மாண்டலினின் ஓட்டம் இருக்கும். ஜப்பானியர்கள் ‘யோனானுகி’ என்று அழைக்கும் ஐந்து சுர வரிசையில் அமைந்தது. நான்காவது, ஏழாவது சுரங்கள் இல்லாத அந்த வரிசை நம் மோகனத்தின் சுரங்களேதான். அதனால்தானோ என்னவோ, எங்கள் குழுவில் புல்லாங்குழல் வாசிப்பவரிடம் இதைப் போட்டுக் காட்டியபோது இரண்டாவது சரணத்திலேயே கூட வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டதில்தான் அகிகோவின் துணிச்சல் இருக்கிறது. 1976இல் ராக் கேட்ட இளைஞர்களுக்கு இது அப்பா, தாத்தா காலத்துப் பாட்டு. அதைப் பழமைக்கு மரியாதையாகவும் பாடவில்லை, கேலியாகவும் பாடவில்லை. தன் பாட்டுகளைப் பாடும் அதே வாயால், அதே துள்ளலோடு பாடுகிறார். மெட்டின் ஐந்து சுரங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் அவர் குரல் வளையும் வளைவுகள்தான் புதியவை. பழைய பாட்டைப் புதுசாக்க வாத்தியங்களை மாற்றுவதுதான் வழக்கம். இவர் பாடும் விதத்தை மாற்றினார். வாத்தியங்கள் அதன் பின்னால் வந்தன.

பக்கத்தின் கடைசியில் ‘ஃபுனமாச்சி உதா’வின் முதல் பாகம். இரண்டாம் பாகம் அமெரிக்கப் பக்கத்தின் முடிவிலேயே வந்துவிட்டது. முதல் பாகம் ஆல்பத்தின் இறுதியில். ஏன் இந்தத் தலைகீழ் வரிசை என்று நான் யோசித்ததுண்டு. என் கணிப்பு இது: லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போய் ஆடிவிட்டு வந்த தாளம், தட்டு முடியும்போது தான் தொடங்கிய ஊருக்கு வருகிறது. தட்டைத் திருப்பி மறுபடி முதல் பக்கத்தை வைத்தால் பயணம் திரும்பவும் ஆரம்பிக்கும்.

அவருடைய குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை கேட்பவர்களில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மெல்லிய, உயரமான, மூக்கும் தொண்டையும் கலந்த குரல். வார்த்தைகளின் ஓரங்கள் வழுக்குகின்றன. பயிற்சி பெற்ற ‘நல்ல குரல்’ என்று நாம் வைத்திருக்கும் அளவுகோலில் இது அடங்காது. இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்தில் கேட் புஷ் தன் முதல் ஆல்பத்தோடு வந்தபோது அவருடைய குரலும் இப்படித்தான் ஆட்களை இரண்டாகப் பிரித்தது. இருவரையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. ஒப்பீட்டில் எனக்கு ஆர்வமில்லை, வருடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: அகிகோ முன்னால் வந்தவர்.

அந்தக் குரலுக்குப் பழக ஒரு வழி இருக்கிறது. அதை மனிதக் குரலாகக் கேட்காமல் சற்று நேரம் ஒரு குழலாகக் கேளுங்கள். நெபுதா ஊர்வலத்தின் மூங்கில் குழல் மேளங்களுக்கு மேலே எப்படித் தனியாக, கூர்மையாக, தன் போக்கில் போகுமோ அப்படித்தான் இது குழுவுக்கு மேலே போகிறது. காது அந்த உயரத்துக்குப் பழகிவிட்டால் பிறகு வார்த்தைகளும் உணர்ச்சியும் தானாக வந்து சேரும்.

இசைவகைகளைக் கலப்பது இன்று சுலபம். ஒரு கம்ப்யூட்டரும் நல்ல மென்பொருளும் இருந்தால் பறையின் அடியையும் ஜாஸ் பியானோவையும் எலெக்ட்ரானிக் பாஸையும் ஒரு மணி நேரத்தில் ஒன்றாக அடுக்கிவிடலாம். நானே சம்பளத்துக்கு அந்த வேலை செய்கிறேன். அடுக்கியதைக் கேட்கும்போது தையல் தெரியும். இது இங்கிருந்து, அது அங்கிருந்து என்று சொல்லிவிட முடியும். ‘ஜப்பானீஸ் கேர்ள்’ ஆல்பத்தில் அந்தத் தையலைத் தேடி நான் தோற்றிருக்கிறேன். அகிகோ இரண்டு இசைகளை எடுத்துக் கலக்கவில்லை. பிரிந்த நிலையில் அவை அவரிடம் இருந்ததே இல்லை. மூன்று வயதில் தொடங்கிய பியானோவும் ஆகஸ்டு மாதத் தெருவும் ஒரே உடம்புக்குள் சேர்ந்தே வளர்ந்தவை. பிரித்தது நாம், கடைகளில் அலமாரி அலமாரியாக.

பின்னால் வந்த வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1979, 1980 ஆண்டுகளில் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் உலகப் பயணங்களில் கீபோர்டு வாசித்தார். அந்தக் குழுவின் ரியுச்சி சகமோட்டோவைப் பிறகு மணந்துகொண்டார். அந்த மண உறவு பின்னாளில் முடிந்தது. 1981இல் ‘ஹருசாகி கொபேனி’ என்ற பாட்டு ஓர் அழகுசாதன விளம்பரத்தின் வழியே நாடெங்கும் ஒலித்தது. 1989இன் ‘வெல்கம் பேக்’ ஆல்பத்தில் பாட் மெத்தெனி, சார்லி ஹேடன் போன்ற ஜாஸ் மேதைகள் வாசித்தார்கள். 1990இல் நியூயார்க்குக்குக் குடிபோனார். 1992இன் ‘சூப்பர் ஃபோக் சாங்’ வெறும் பியானோவும் குரலும். ரெய் ஹரகாமியின் மெல்லிய எலெக்ட்ரானிக் இசையோடு ‘யானோகாமி’, ஹிரோமி உயெஹராவோடு இரட்டைப் பியானோ, விண்வெளி வீரர் சோயிச்சி நொகுச்சி எழுதிய வரிகளுக்கு மெட்டமைத்து 2023இல் ஒரு ஆல்பம். ஹயாவோ மியாசாகியின் 2008 ஆண்டுப் படமான ‘போன்யோ’வில் அந்த மீன் சிறுமியின் குட்டித் தங்கைகளுக்குக் குரல் கொடுத்ததும் இவரே. படம் பார்த்த பிள்ளைகள் பெயர் தெரியாமலே அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

இந்த நீண்ட பட்டியலில் ‘ஜப்பானீஸ் கேர்ள்’ கேட்டவர்களுக்கு முக்கியமானது 2020இல் வந்த ‘ஆஸ்டராய்ட் அண்ட் பட்டர்ஃபிளை’. சுகாரு ஷமிசென் கலைஞர் ஹிரோமித்சு அகத்சுமாவோடு சேர்ந்து ஜப்பானின் பல பகுதிகளின் நாட்டுப்பாடல்களை அதில் பாடியிருக்கிறார். 65 வயதில், 44 வருடங்களுக்குப் பிறகு, அதே வேலை. இம்முறை ஷமிசெனின் கூர்மையான தட்டல் ஒரு பக்கமும் சின்தசைஸர் மறுபக்கமும். குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. எடுப்பை நகர்த்தும் பழக்கம் போகவில்லை. இரண்டு ஆல்பங்களையும் ஒரே மாலையில் கேட்பவருக்கு அவர் எதைத் தேடிப் போனார் என்பதில் சந்தேகமே இருக்காது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: முதல் பாடலில் இருந்து தொடங்க வேண்டாம். ‘தென்வாசென்’ பாட்டை முதலில் போடுங்கள், மெட்டு உங்களை உள்ளே கூட்டிப்போகும். அடுத்து ‘ஒக்கா வோ கொயெதே’. மோகனம் தெரிந்த காதுக்கு அது அந்நியமாக இருக்காது. குரல் பழகிய பிறகு ‘சுகாரு டூர்’. அதை ஹெட்போனில் கேளுங்கள், பாடுவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். பாடகியின் மூச்சு முடியும் ஒவ்வோர் இடத்திலும் ரிச்சி ஹேவர்ட் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மறுதடவை சாம் கிளேட்டனின் காங்காவைப் பின்தொடருங்கள். அதற்குப் பிறகு முழுத் தட்டையும் வரிசையாகக் கேட்கலாம்.